போஞ்சி முளைகளை முயல் தின்று தீர்க்கிறது: வேலியைத் தவிர வேறு வழி உண்டா?

வளவுக்காரி (ஸ்காபரோ), ஜூன் 3

அனைவருக்கும் வணக்கம். இங்கே கனடாவில் மே மாத விக்டோரியா தின விடுமுறை கழிந்துவிட்டால் உறைபனிக்குப் பயமில்லை என்று எல்லோரும் சொல்வதை நம்பி, வீட்டின் பின்வளவில் 12 அடிக்கு 16 அடியாக ஒரு பாத்தி கொத்தி, போஞ்சி, பயிற்றை, பீற்றூட், தண்டுக்கீரை ஆகியவற்றை விதைத்தேன். தக்காளியும் மிளகாயும் நாற்றாக வாங்கி நட்டவை. போஞ்சி இரண்டு இலை விட்டு நிமிர்ந்த மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், ஒரு வரிசை முழுவதும் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் தண்டு மட்டும் நிற்கிறது. அடுத்த நாள் இரண்டாவது வரிசையும் போயிற்று. பீற்றூட்டின் இலைகளும் கீரையும் பாதிக்கு மேல் இல்லை. தக்காளியையும் மிளகாயையும் எதுவும் தொடவில்லை.

விடியற்காலையில் யன்னலால் பார்த்தபோது, வால் மட்டும் பஞ்சுபோல் வெள்ளையாக இருக்கும் ஒரு பழுப்பு முயல் வேலிப்பக்கம் இருந்தது. மிளகாய்த்தூள் தூவினேன், அன்றிரவே மழை பெய்து அதைக் கழுவிவிட்டது. பழைய குறுந்தட்டுகளை (சீடி) நூலில் கட்டித் தொங்கவிட்டேன். முயல் அவற்றின் கீழேயே இருந்து மேய்ந்தது. துணிப்பெட்டியில் வைக்கும் பூச்சியுருண்டையைப் போடச் சொல்லி அயலவர் ஒருவர் சொல்கிறார். வேலி அடைப்போம் என்றால் வளவு மறியற்சாலைபோல் ஆகிவிடும் என்று என் வீட்டுக்காரர் (கணவர்) ஒப்புக்கொள்ளவில்லை. வேலி இல்லாமல் இந்தத் தோட்டத்தைக் காப்பாற்ற வழி இருக்கிறதா?

பூவரசு (மார்க்கம்), ஜூன் 3

முயலைக் கண்ணால் கண்டீர்கள் என்பதற்காகவே அதுதான் கள்ளன் என்று முடிவெடுக்க வேண்டாம், அக்கா. இந்தப் பக்கத்து வளவுகளில் போஞ்சி முளையைத் தேடி வருபவை பல. வெட்டுப்புழு என்றால் தண்டை நிலமட்டத்தில் அறுத்து, செடியை அப்படியே பக்கத்தில் சாய்த்துவிட்டுப் போகும். மேற்பகுதி அங்கேயே கிடந்து வாடும். நத்தை இலையில் ஓட்டை போட்டு, பளபளப்பான ஒரு தடத்தை விட்டுச் செல்லும். மானுக்கு மேற்தாடையில் முன்பற்கள் இல்லாததால் அது கடித்து இழுத்துப் பிய்க்கும். வெட்டு நார்நாராக இருக்கும். கிரவுண்ட்ஹொக் என்ற, நிலத்தில் வளை தோண்டும் கொழுத்த கொறிவிலங்கு பகலில் வந்து, ஒரு பாத்தியையே ஒரே நேரத்தில் நாசமாக்கிவிடும். முயலுக்கு மேலும் கீழும் உளிபோன்ற பற்கள் உண்டு என்பதால் வெட்டு வழவழப்பாக, ஏறத்தாழ 45 பாகை சாய்வில் இருக்கும். நிலத்திலிருந்து இரண்டு அடி உயரத்துக்கு மேல் அதன் வேலை இராது. வெட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். பாத்திக்கு அருகில் புழுக்கை கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

வளவுக்காரி (ஸ்காபரோ), ஜூன் 3

வெட்டு சாய்வாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. பாத்தி ஓரத்தில் பட்டாணி அளவில் உருண்டையான, காய்ந்த புழுக்கைகள் கிடக்கின்றன. நத்தைத் தடம் எதுவும் இல்லை. மேற்பகுதி ஒன்றுகூட மிஞ்சிக் கிடக்கவில்லை.

மண்வெட்டி (ஏஜாக்ஸ்), ஜூன் 4

அப்படியானால் ஐயமே இல்லை. அது நமது பஞ்சுவால் முயல்தான். தக்காளி, மிளகாய், வெங்காயம், உள்ளி, பூசணி ஆகியவற்றை அது பெரும்பாலும் தொடாது. போஞ்சி, பட்டாணி, பீற்றூட் இலை, கரட் இலை, லெட்யூஸ், கீரை ஆகியவற்றை விடாது. உங்கள் பாத்தியில் தொட்டதும் விட்டதும் அந்தக் கணக்குக்கு அச்சொட்டாகப் பொருந்துகின்றன.

நான் பதினொரு வருடமாக இங்கே தோட்டம் செய்கிறேன். முதல் நான்கு வருடமும் வேலியைத் தவிர எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். ஐந்தாம் வருடம் வேலி அடைத்தேன். அந்த நான்கு வருடத்தில் விதைக்கும் மருந்துக்கும் கொட்டிய பணத்தில் இரண்டு வேலி அடைத்திருக்கலாம். ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில், வேறு வழி இல்லை என்பதே. ஆனால் வேலி என்றதும் ஆளுயரப் பலகை வேலியை நினைக்க வேண்டாம். இந்த இனத்தைத் தடுக்க இரண்டு அடி உயரமே போதும். பெரியவர்கள் காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போகலாம். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கம்பி கண்ணுக்கே தெரியாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

உயரத்தைவிட இரண்டு விடயங்கள் முக்கியம். முதலாவது, வலையின் கண். ஒரு அங்குலக் கண்ணுள்ள கோழிவலையே வாங்குங்கள். இரண்டு அங்குலக் கண் மலிவாகக் கிடைக்கும். தாய் முயல் அதற்குள்ளால் வராது, ஆனால் ஜூன் மாதத்தில் கூட்டைவிட்டு வெளியேறும் குட்டிகள் நுழைந்துவிடும். குட்டிதானே என்று நினைக்கக் கூடாது. ஓர் இரவில் அது தின்னும் முளைக்கீரை நமக்கு ஒரு நேரக் கறி. பிளாஸ்டிக் வலையைப் பற்களால் அறுத்துவிடும் என்பதோடு, கோடு போட்ட அந்த அப்பாவிப் புல்வெளிப் பாம்பு அதில் சிக்கிச் சாவதையும் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, வேலியின் அடி. ஊரில் கிடுகு வேலியில் நாய் போய்வர ஒரு பொட்டு (ஓட்டை) இருக்குமே, அந்தப் பொட்டைத் தேடுவதுதான் முயலின் முழுநேரத் தொழில். அது வேலிக்கு மேலால் பாய்வதை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. அடியால் நுழைந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். மூன்று அடி அகலச் சுருளை வாங்கி, அடியில் ஆறு அங்குலத்தை வெளிப்பக்கமாக மடித்து நிலத்தோடு படுக்க வையுங்கள். மடிப்பை ஒவ்வொரு அடிக்கும் ஒரு வளைந்த கம்பி ஆணியால் குத்தி இறுக்குங்கள். முயல் வேலியின் ஓரத்துக்கு வந்துதான் பிறாண்டும். அங்கே அதன் காலுக்குக் கீழே கம்பி இருக்கும். இரண்டு கிழமையில் புல் வளர்ந்து மடிப்பை மூடிவிடும். மண்ணில் ஆழமாகத் தோண்டிப் புதைக்கும் வேலை மிச்சம்.

கதியாலுக்கு (வேலியைத் தாங்கும் கம்பத்துக்கு) மரக்கட்டையோ இரும்புக் கம்பமோ ஐந்தாறு அடிக்கு ஒன்று போதும். உங்கள் பாத்தியின் சுற்றளவு 56 அடி வருகிறது. கடையில் 50 அடிச் சுருள்தான் இருக்கும். படலைக்கு (வேலிக் கதவுக்கு) மூன்று அடி விட்டாலும் மூன்று அடி குறையும். பாத்தியை நீளத்திலும் அகலத்திலும் ஓரடி சுருக்குங்கள், அல்லது சிறு சுருள் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். நான் முதல் முறை அந்த இடைவெளியைப் பழைய பலகையால் அடைத்தேன்; முயல் அந்தப் பலகையின் அடியால்தான் வந்தது. படலையின் கீழும் ஒரு கட்டையை நிலத்தோடு பதித்து, படலை அதன்மேல் உரசிக்கொண்டு மூடும்படி செய்யுங்கள்.

கரிசல்காட்டான் (மிசிசாகா), ஜூன் 4

வேறு வழியே இல்லை என்று மண்வெட்டி அண்ணன் ஒரேயடியாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஊரில் இயற்கை விவசாயம் செய்பவர்கள் பூச்சிக்கு இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் அரைத்துக் கரைத்துத் தெளிப்பார்கள். அதையே நான் இரண்டு வருடமாக இங்கே முயலுக்குத் தெளிக்கிறேன். என் பீன்ஸ் செடிகளுக்கு எந்தக் குறையும் இல்லை. மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது, ஆனால் பாலூட்டிகளுக்கு உறைக்கும். அழுகிய முட்டையின் நாற்றமும் முயலுக்கு ஆகாது. கடைகளில் விற்கும் விரட்டி மருந்துகள் பலவற்றில் முட்டைதான் சரக்கு. கம்பி வாங்க வசதியில்லாதவர்களுக்கும், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைத்தானே சொல்ல முடியும்?

ஒரு சந்தேகம்: போஞ்சி என்று நீங்கள் எல்லோரும் சொல்வது பீன்ஸைத்தானே?

மண்வெட்டி (ஏஜாக்ஸ்), ஜூன் 4

பீன்ஸேதான், தம்பி. இருவரும் தாம் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்காமல் பேசுவோம். உங்கள் கரைசல் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. முயலுக்கு வேறு தீனி தாராளமாக இருக்கும்போது அது வேலை செய்யும். உங்கள் வீட்டைச் சுற்றிப் புல்லும் குளோவர் என்ற மூவிலைச் செடியும் நிறைய இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரலில் இருந்து வீட்டுப் புல்தரையில் அலங்காரத்துக்காகக் களைக்கொல்லி அடிக்கத் தடை இருக்கிறது. அதன் பிறகு எங்கள் தெருப் புல்தரைகளில் குளோவரும் டான்டிலயன் என்ற மஞ்சள் பூக் களையும் பெருகியிருப்பதைக் காண்கிறேன். இரண்டும் முயலுக்கு விருந்து. அந்த விருந்து இருக்கும்வரை காரமான பீன்ஸை அது ஏன் தின்னப் போகிறது? ஆடியில் மழை இல்லாமல் புல் காய்ந்த பிறகு உங்கள் பாத்தியைப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், தெளித்தது மழைக்குப் போய்விடும். புதிதாக வரும் துளிரில் மருந்தே இராது. முளைவிட்ட போஞ்சிக்கு சில நாளுக்கு ஒரு துளிர் வருகிறது, முயல் கேட்பதும் அதைத்தான். கடை மருந்துகளில் பலவற்றை உண்ணும் பகுதியில் தெளிக்க வேண்டாம் என்று போத்தலிலேயே எழுதியிருக்கும். கீரையில் உண்ணாத பகுதி எது? பூங்கன்றுகளுக்கு அவை பொருத்தம், கீரைப் பாத்திக்கு அல்ல.

இரத்தத் தூளையும் சிலர் சொல்வார்கள். உலர்த்திப் பொடித்த மாட்டு இரத்தம் அது. நைட்ரஜன் மிகுந்த பசளை என்பதால் செடிக்கு நல்லதுதான், முயலும் சில நாள் தள்ளி நிற்கும். நான் ஒருமுறை வாங்கிவந்து, அது என்னவென்று தெரிந்தபின் அம்மா அந்தத் தோட்டத்து வாழைப்பூவைக்கூடச் சமைக்க மறுத்துவிட்டார். (வாழை தொட்டியில் நிற்கிறது. பத்து வருடத்தில் ஒரே ஒருமுறை பூத்தது. அதுவும் அந்த வருடம்தான்.) அயலவரின் நாய் வந்து கிளறியது தனிக்கதை.

புதியவள் (பிரம்ப்டன்), ஜூன் 5

கூண்டு வைத்துப் பிடித்து, ரூஜ் பூங்கா பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டால் என்ன? அங்கே காடு இருக்கிறது. முயலுக்கும் நல்லது, நமக்கும் நிம்மதி.

பூவரசு (மார்க்கம்), ஜூன் 5

நல்லெண்ணத்தோடு கேட்கிறீர்கள், ஆனால் அது சட்டத்துக்குப் புறம்பானது. ஒன்ராறியோவில் சொத்துக்குச் சேதம் செய்யும் காட்டுவிலங்கை உயிருடன் பிடித்தால், 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் விட்டுவிட வேண்டும். நோய் பரவக் கூடாது என்பதும், தெரியாத இடத்தில் விடப்படும் விலங்கு மறைவிடமும் தீனியும் அறியாமல் மாண்டுபோகும் என்பதும் காரணங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் விட்டால் அது மறுநாளே உங்கள் படலையில் நிற்கும். இந்த மாதத்தில் பிடிபடுவது தாய் முயலாக இருந்தால், எங்கோ ஒரு கூட்டில் குட்டிகள் பட்டினியால் சாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றை அகற்றினால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும்.

பூச்சியுருண்டையைப் பற்றி முதற்பதிவில் இருந்ததற்கு யாரும் பதில் எழுதவில்லை. அது நப்தலீன் போன்ற நஞ்சு. மூடிய பெட்டிக்குள் துணிகளுக்கு வைப்பதற்கென்றே விற்கப்படுகிறது. மண்ணில் போட்டால் மண்ணும் நீரும் கெடும். குழந்தைகள் மிட்டாய் என்று எடுத்து வாயில் வைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம்.

யாரா ஆற்றங்கரை (மெல்பேர்ண்), ஜூன் 5

கடல் கடந்து எழுதுகிறேன். மண்வெட்டி சொன்ன மடிப்பு வேலி எங்களுக்கும் பயன்படும், ஆனால் இங்கே இரண்டு அடி உயரம் போதாது என்பதை மெல்பேர்ணில் இருந்து வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டும். இங்குள்ளது ஐரோப்பிய முயல். நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. ஆகவே மூன்று அடி உயரம் வேண்டும், அடி மடிப்பும் ஓரடிக்குக் குறையக் கூடாது. 1859 இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வின்செல்சிக்கு அருகே பார்வன் பார்க்கில் வேட்டை விளையாட்டுக்காகத் தோமஸ் ஒஸ்ரின் என்பவர் இறக்கிவிட்ட முயல்களால் வந்த வினை இது. மேற்கு அவுஸ்திரேலியாவில் அவற்றை மறிக்க 1901 இல் தொடங்கி 1907 இல் முடித்த வேலிகள் மூன்றும் சேர்ந்து 3,256 கிலோமீட்டர். வேலி கட்டி முடிவதற்குள் முயல்கள் அதைக் கடந்துவிட்டிருந்தன. உங்கள் 56 அடியைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது.

பூவரசு (மார்க்கம்), ஜூன் 6

நல்ல வேறுபாட்டைச் சொன்னீர்கள். நமது பஞ்சுவால் முயல் வளை தோண்டுவதில்லை. புதருக்கு அடியிலும் டெக்குக்கு (வீட்டை ஒட்டிய மரத்தளத்துக்கு) கீழேயும் ஒதுங்கும். ஆகவே வளவுக்காரி அக்கா வேலியோடு சேர்த்து, டெக்கின் அடியையும் விறகு, பலகைக் குவியல்களையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

வாடகை வீட்டில் இருப்பவர்களைப் பற்றிக் கரிசல்காட்டான் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டடி உயரத் தொட்டியில் கீரை வைத்தால் பெரும்பாலும் தப்பும். பாத்திக்கு மேல் குழாயை வில்லாக வளைத்து, மெல்லிய பூச்சிவலையைப் போர்த்தி ஓரங்களைக் கல்லால் அமுக்கினாலும் போதும். போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். போஞ்சி தன் பூவிலேயே தானாகக் கருவுறுவதால் கடைசிவரை மூடியிருந்தாலும் காய்க்கும். பாகல், பூசணி, வெள்ளரி அப்படியல்ல. பூத்தவுடன் திறக்காவிட்டால் தேனீ வராமல் பிஞ்சு உதிர்ந்துவிடும். அந்த நேரத்துக்குள் கொடி முற்றிவிடும், முயலும் அதைத் தேடாது.

வளவுக்காரி (ஸ்காபரோ), ஜூன் 8

சனிக்கிழமை காலை நானும் வீட்டுக்காரருமாக வேலியை அடைத்துவிட்டோம். மண்வெட்டி அண்ணா சொன்னபடியே ஓரங்குலக் கண், ஆறு அங்குல மடிப்பு. வேலையைத் தொடங்கிய பிறகு இவர்தான் என்னைவிடக் கவனமாக ஆணி அடித்தார். ஆனால் கடைசிப் பக்கத்தைக் கட்டும்போது பீற்றூட் வரிசையின் முடிவில், வைக்கோலும் மயிரும் கலந்த ஒரு மூடி காலில் தட்டுப்பட்டது. விலக்கிப் பார்த்தால் உள்ளங்கை அளவுக் குழியில் நான்கு குட்டிகள்! மெல்லிய மயிர் முளைத்திருக்கிறது, கண் திறக்கவில்லை. மூடியை அப்படியே திரும்ப வைத்துவிட்டேன். தாயைக் காணவில்லை. கைபட்டதால் இனித் தாய் வராது என்று அம்மா சொல்கிறார். குட்டிகளை உள்ளே வைத்து வேலியை மூடவும் மனம் வரவில்லை. திறந்து விட்டால் அடைத்ததன் பொருள் என்ன என்றும் தெரியவில்லை.

பூவரசு (மார்க்கம்), ஜூன் 8

மூடியைத் திரும்ப வைத்ததுதான் செய்யவேண்டிய முதல் வேலை, அதைச் செய்துவிட்டீர்கள். கைபட்டால் தாய் கைவிட்டுவிடும் என்பது உண்மையல்ல என்று அம்மாவிடம் சொல்லுங்கள். தாயைக் காணாததும் இயல்புதான். நரியும் பூனையும் கூட்டைக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக அது பகல் முழுவதும் தள்ளியே இருக்கும். விடியலிலும் மாலை மங்கலிலும் சில நிமிடங்களே வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். ஐயமிருந்தால் மூடியின் மேல் இரண்டு மெல்லிய குச்சிகளைக் குறுக்காக வைத்துவிட்டு மறுநாள் காலை பாருங்கள். குச்சி விலகியிருந்தால் தாய் வந்திருக்கிறது.

கண் திறக்கவில்லை என்றால் குட்டிகளுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிறந்து இரண்டிலிருந்து மூன்று வாரத்துக்குள் அவை கூட்டைவிட்டுத் தாமாகவே வெளியேறிவிடும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இருக்கும்போதே தனித்து வாழத் தொடங்கிவிடும். கூட்டை நகர்த்த வேண்டாம். சில அடி தள்ளி வைத்தாலும் தாய் பழைய இடத்துக்கே வந்து தேடும். ஆகவே இரண்டு வாரத்துக்குப் படலையைத் திறந்தே வைத்திருங்கள். மற்ற மூன்று பக்கமும் நிற்கட்டும். அதுவரை வெற்றிடத்தில் எதையும் விதைக்காமல், மிஞ்சிய கீரையை மட்டும் ஒரு வலைத்துண்டால் மூடிவிடுங்கள். போஞ்சி விதைக்க ஜூலை முதல் வாரம்வரை காலம் இருக்கிறது; இரண்டு மாதத்தில் காய்க்கும் செடி வகையை எடுத்தால் ஒக்டோபர் உறைபனிக்கு முன் பறித்து முடித்துவிடலாம்.

அதற்குமேல் தாமதிக்க வேண்டாம். இந்த இனத்தின் சினைக்காலம் 28 நாள் அளவுதான். குட்டி ஈன்ற அன்றே மறுபடி சினைப்பட்டுவிடும். கோடை முடிவதற்குள் மூன்று நான்கு ஈற்று வரும். படலை திறந்தே கிடந்தால் அடுத்த கூடும் உங்கள் பாத்தியில்தான்.

கரிசல்காட்டான் (மிசிசாகா), ஜூலை 2

ஒரு செய்தி சொல்ல வேண்டும், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. பத்து நாளாக மழையே இல்லை. எங்கள் தெருப் புல் எல்லாம் மஞ்சளாகிவிட்டது. நேற்று மாலை தெளித்த கரைசலின் வாசம் போகுமுன்பே, இன்று காலை என் பீன்ஸ் செடிகளில் பாதி இல்லை. அண்ணன் ஆடியைச் சொன்னார். எனக்கு ஆனி முடிவதற்குள்ளாகவே வந்துவிட்டது. ஓரங்குலக் கண் வலை தேடி இரண்டு கடை ஏறி இறங்கினேன். இரண்டிலும் இரண்டங்குலம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

மண்வெட்டி (ஏஜாக்ஸ்), ஜூலை 2

வெட்கப்பட ஒன்றுமில்லை, தம்பி. எனக்கு அது நான்கு வருடம் எடுத்தது. இரண்டங்குல வலையை இரட்டையாக, ஒன்றின் கண் மற்றதின் கம்பிக்கு நேரே வரும்படி தள்ளிக் கட்டுங்கள். கண் பாதியாகிவிடும். முழு உயரத்துக்கும் வேண்டாம், அடியிலிருந்து ஓரடிக்குப் போதும். குட்டிகள் அதற்கு மேல் ஏறாது.

வளவுக்காரி (ஸ்காபரோ), ஜூலை 14

குச்சி இரண்டும் மறுநாளே விலகியிருந்தன. ஜூன் 21 அன்று கூடு வெறுமையாக இருந்தது. மேலும் இரண்டு நாள் பார்த்துவிட்டுப் படலையைச் சாத்தினேன். இரண்டாம் முறை விதைத்த போஞ்சி இப்போது முழங்கால் உயரம். ஒரு இலைகூடக் குறையவில்லை. படலைக்குக் கீழே கட்டை பதிக்காமல் விட்ட ஒரே ஒரு நாள் இரவில் கீரையில் ஒரு மூலை போனது. அது முயலின் குற்றமல்ல, இவருடைய குற்றம். மாலையில் குட்டி ஒன்று வேலியை ஒட்டி வெளியே நடந்து நடந்து மூக்கால் ஒவ்வொரு கண்ணாக முகர்ந்து பார்க்கிறது. அதன் பிறந்த வீட்டை நான் அடைத்துவிட்டேனே என்று எனக்கே ஒருமாதிரி இருக்கிறது; கழித்த பீற்றூட் இலையை வெளியே போடாமல் இருக்கப் படாதபாடு படுகிறேன்.

போன வருடம் நட்ட அப்பிள் கன்று ஒன்று வேலிக்கு வெளியே நிற்கிறது. அதையும் தின்னுமா?

பூவரசு (மார்க்கம்), ஜூலை 14

இலையைப் போட்டுவிடாதீர்கள், அக்கா. பிறகு அது போகவே போகாது.

அப்பிள் கன்றைக் கோடையில் பெரும்பாலும் தொடாது, மாரியில்தான் ஆபத்து. பச்சை எல்லாம் பனிக்குள் போனதும் முயல் பட்டையைக் கடிக்கத் தொடங்கும். அப்பிள், ரோசா, ராஸ்பெரி எல்லாம் அதற்குப் பிடிக்கும். தண்டைச் சுற்றிப் பட்டை முழு வளையமாகப் போய்விட்டால் இலையில் செய்யப்படும் உணவு வேருக்கு இறங்க வழியின்றி மரம் பட்டுவிடும். கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலையை, ஹார்ட்வேர் கிளாத் என்று கடையில் கேட்டால் தருவார்கள், தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு உருளையாக நிறுத்துங்கள். உயரத்தை நிலத்திலிருந்து அளக்காதீர்கள். பனி இரண்டடி கொட்டி இறுகினால் முயல் அதன்மேல் ஏறி நின்று மேற்கிளையைத் தின்னும். ஆகவே பனி எவ்வளவு கொட்டும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதற்கு மேல் இரண்டடி வேண்டும். நிலம் உறைந்த பிறகு வலையைத் தாங்கும் கம்பம் மண்ணில் இறங்காது. ஒக்டோபரில் உள்ளி நடும் அன்றே இதையும் செய்துவிடுங்கள்.